பக்கம் திறக்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை: எச்டிஎம்எல் அட்ரிபியூட் பிழைகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

பைத்தானில் ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் வரி எண்ணோடு திட்டு விழும். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் கன்சோலில் சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கும். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் அந்தப் பேச்சே கிடையாது. மேற்கோள்குறியை விட்டுவிடுங்கள், அட்ரிபியூட் (டேக்குக்குள் பெயர்="மதிப்பு" என்று எழுதுவது) பெயரைத் தப்பாக அடியுங்கள், டேக்கைப் பாதியில் நிறுத்துங்கள், பிரவுசர் ஒன்றும் சொல்லாது; கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்றாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகும் விருந்தாளி மாதிரி, கிடைத்ததை வைத்து ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். இது பிரவுசரின் அலட்சியம் இல்லை, தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள். தப்பான எச்டிஎம்எல் வந்தால் எந்த இடத்தில் என்ன அனுமானிக்க வேண்டும் என்றுகூட ஸ்டாண்டர்டில் எழுத்துக்கு எழுத்து சொல்லியிருக்கிறது. 2000-ல் வந்த, எக்ஸ்எம்எல்லின் கறாரான விதிகளில் எழுதும் எக்ஸ்எச்டிஎம்எல் இதற்கு நேர்மாறு, அதை எக்ஸ்எம்எல்லாக அனுப்பினால் ஒரு மேற்கோள்குறி குறைந்தாலே பக்கத்துக்குப் பதில் எரர்தான் வரும். ஊரில் இருக்கும் பக்கங்களில் பாதிக்கு ஏதாவது ஒரு குறை இருக்கும், எல்லாவற்றையும் நிறுத்திவைத்தால் யார் இணையத்தைப் பார்ப்பது?

ஆக, எரர் மெசேஜ் வராது. கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியிலிருந்துதான் பின்னால் போக வேண்டும். கீழே உங்கள் பிரச்சினை எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம், வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஒரு விஷயம் மட்டும்: டேக் பெயர்களையும் அட்ரிபியூட்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

நீங்கள் எழுதிய கோடை உற்றுப் பார்ப்பதை நிறுத்துங்கள். எழுதியவர் கண்ணுக்கு எழுத நினைத்ததுதான் தெரியும், எழுதியது தெரியாது. அதற்குப் பதிலாக பிரவுசர் என்ன புரிந்துகொண்டது என்று பாருங்கள். பிரச்சினை இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தால், அல்லது எஃப்12 அழுத்தினால், எலிமென்ட்ஸ் என்ற பகுதி திறக்கும் (ஃபயர்ஃபாக்ஸில் அதன் பெயர் இன்ஸ்பெக்டர்). அங்கே இருப்பது உங்கள் ஃபைல் இல்லை, உங்கள் ஃபைலைப் படித்து பிரவுசர் கட்டிய மரம். நீங்கள் இரண்டு அட்ரிபியூட் எழுதிய இடத்தில் அங்கே ஐந்து இருந்தால், அல்லது ஒன்றுதான் இருந்தால், பிழை அங்கேதான்.

போனிலேயே படிக்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின், பிழை காட்டும் இலவச வாலிடேட்டரில் கோடை அப்படியே பேஸ்ட் செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் பேஜ் சோர்ஸைத் திறந்து பாருங்கள், சின்டாக்ஸ் பிசகிய இடங்களைச் சிவப்பில் காட்டும். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

பாதிப் பக்கம் காணோம், அல்லது பாதிப் பக்கம் முழுக்க நீல நிற லிங்க்காக மாறிவிட்டது

மேற்கோள்குறி ஜோடி சேரவில்லை. பத்தில் ஒன்பது தடவை இதுதான். இதைப் பாருங்கள்:

<ஏ எச்ரெஃப்="அபவுட்.எச்டிஎம்எல்>எங்களைப் பற்றி</ஏ>
<பி கிளாஸ்="அறிமுகம்">வணக்கம்</பி>

முதல் வரியில் எச்ரெஃபின் (லிங்க் போக வேண்டிய முகவரி) மதிப்பைத் திறந்த மேற்கோள்குறி மூடவில்லை. ஒரு மதிப்பு டபுள் கொட்டேஷனில் திறந்துவிட்டால் அடுத்த டபுள் கொட்டேஷன் வரும்வரை எது வந்தாலும் பிரவுசருக்கு அது மதிப்புதான். கோணக்குறி (< அல்லது >) வந்தாலும் சரி, வரி மாறினாலும் சரி, புது டேக்கே வந்தாலும் சரி. அதனால் "எங்களைப் பற்றி" என்ற சொற்கள், ஏ-வை மூடும் டேக், அடுத்த பி டேக்கின் தொடக்கம் எல்லாம் சேர்ந்து எச்ரெஃபுக்குள் போய்விடும். அடுத்த மேற்கோள்குறி கிடைப்பது கிளாஸ்= என்பதற்குப் பிறகு, அங்கே மதிப்பு முடியும். பிறகு அறிமுகம் என்பது ஒரு தனி அட்ரிபியூட் பெயராக, தன் வாலில் ஒரு மேற்கோள்குறியோடு, ஏ டேக்கில் உட்கார்ந்துகொள்ளும். "எங்களைப் பற்றி" திரையில் இருக்காது, "வணக்கம்" லிங்க்காக இருக்கும், ஏ டேக் மூடப்படாததால் அதற்குக் கீழே வருவதெல்லாம் அடுத்த ஏ டேக் வரும்வரை லிங்க்காகவே தொடரும்.

விட்டுப்போன மேற்கோள்குறிக்குப் பிறகு ஃபைலில் வேறு மேற்கோள்குறியே இல்லை என்றால் இன்னும் மோசம். ஃபைல் முடியும்வரை மூடுகுறி கிடைக்காது, டேக்கே முழுமையடையாது, அந்த இடத்திலிருந்து கடைசிவரை எதுவுமே திரையில் வராது.

இங்கே கவனிக்க வேண்டியது, வாலிடேட்டர் காட்டும் வரி எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அது பிழை வெளியே தெரியும் இடத்தைத்தான் காட்டும், பிழை செய்த இடத்தை இல்லை. "அட்ரிபியூட் பெயருக்குள் மேற்கோள்குறி இருக்கிறது, முன்னால் எங்கோ ஜோடி விட்டுப்போயிருக்கலாம்" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அந்த வரியிலிருந்து மேலே மேலே போய்ப் பாருங்கள். எடிட்டரின் நிறமும் உதவும். மேற்கோளுக்குள் இருப்பதற்கு ஒரு நிறம், வெளியே இருப்பதற்கு வேறு நிறம் என்று காட்டும், உள்ளே இருக்கும் நிறம் எங்கிருந்து வெளியே கசிய ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம்.

இதே குடும்பத்தில் இன்னொன்று. பட்டனுக்கு ஆன்கிளிக்="அலர்ட்("வணக்கம்")" என்று எழுதியிருப்பீர்கள், அழுத்தினால் ஒன்றும் நடக்காது, கன்சோலில் ஒரு சின்டாக்ஸ் எரர் மட்டும் கிடக்கும். வெளியேயும் டபுள், உள்ளேயும் டபுள் என்பதால் மதிப்பு, அலர்ட் என்ற பெயரும் ஒரு திறந்த அடைப்புக்குறியுமாக அங்கேயே முடிந்துவிட்டது. உள்ளே இருப்பதை சிங்கிள் கொட்டேஷனாக மாற்றினால் போதும். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் பழக்கத்தில் உள்ளே இருக்கும் மேற்கோள்குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போடுகிறவர்கள் உண்டு, எச்டிஎம்எல்லுக்கு அந்த வித்தை தெரியாது, பேக்ஸ்லாஷும் ஒரு சாதாரண எழுத்துதான். உள்ளேயும் டபுள்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஆம்பர்சண்ட், குவாட், செமிகோலன் சேர்த்து எழுதும் என்டிட்டி இருக்கிறது.

லிங்க்கை அழுத்தினால் 404, முகவரியில் சதவீதக் குறியோடு ஏதேதோ எண்கள்

முகவரிப் பட்டையை நன்றாகப் பாருங்கள். சதவீதக் குறிகளுக்கு நடுவில் இ2, 80, 9சி என்று ஒரு கூட்டமும், கடைசியில் இ2, 80, 9டி என்று இன்னொரு கூட்டமும் தெரிகிறதா? அப்படியென்றால் உங்கள் மேற்கோள்குறி மேற்கோள்குறியே இல்லை. அது வளைந்த “ ” குறி. எச்டிஎம்எல்லுக்கு நேரான " குறியும் ' குறியும் மட்டும்தான் மேற்கோள். வளைந்தது வந்தால் "இது மேற்கோள் இல்லாத மதிப்பு" என்று எடுத்துக்கொண்டு, வளைந்த குறியையும் மதிப்பின் முதல் எழுத்தாகச் சேர்த்துவிடும். அந்தக் குறியைத்தான் முகவரியில் இ2, 80, 9சி என்று பார்க்கிறீர்கள், யுடிஎஃப்-8-ல் அதன் மூன்று பைட்டுகள் அவை.

கோட் எழுதும் எடிட்டரில் இது தானாக வராது, வெளியிலிருந்துதான் வரும்: வேர்டில் வைத்திருந்த நோட்ஸ், கூகுள் டாக்ஸ், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப், அப்புறம் போன் கீபோர்டு. ஐபோனில் கீபோர்டு செட்டிங்ஸில் ஸ்மார்ட் பங்க்சுவேஷன் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். மேக்கிலும் கீபோர்டு செட்டிங்ஸில் ஸ்மார்ட் கோட்ஸ் உண்டு, அதையும்.

கிளாஸிலும் இதே கூத்து வேறு மாதிரி நடக்கும். கிளாஸ்=“பெட்டி சிவப்பு” என்று வளைந்த குறியோடு எழுதினால் இடைவெளி வந்ததும் மதிப்பு முடிந்துவிடும். கிளாஸின் மதிப்பு “பெட்டி, வளைந்த குறியோடு. சிவப்பு” என்பது தனி அட்ரிபியூட். பக்கத்தின் நிறம், அளவு எல்லாம் சொல்லும் சிஎஸ்எஸ் ஒன்றும் ஒட்டாது. ஃபாண்ட்டைப் பொறுத்து, எடிட்டரில் வளைந்ததும் நேரானதும் ஒன்றுபோலத் தெரியலாம், அதனால் கண்ணை நம்பாமல் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் வளைந்த குறியை காப்பி செய்து போட்டுத் தேடுவது நல்லது.

தமிழில் பக்கம் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வம்பு இருக்கிறது. மெட்டா டேக்கில் கேர்செட்=“யுடிஎஃப்-8” என்று வளைந்த குறி வந்துவிட்டால் அந்தப் பெயரில் ஒரு என்கோடிங் இல்லை என்று பிரவுசர் அதைத் தள்ளிவிடும். சர்வரும் எந்த என்கோடிங் என்று தன் பங்குக்குச் சொல்லவில்லை என்றால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று விசித்திர எழுத்துகளாக உடைந்து வரலாம். உங்கள் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்து வேறு சர்வரில் போட்டதும் தமிழ் உடைகிறது என்றால் முதல் சந்தேகம் இந்த மெட்டா டேக்கின் மேல்தான் விழ வேண்டும். டேக்கும் ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும், நீளமான கமென்ட் ஒன்றை ஹெட்டுக்கு மேலே எழுதி அதைக் கீழே தள்ளாதீர்கள். கூடவே, எச்டிஎம்எல் டேக்கில் லாங்="தமிழ்" என்று ஆங்கிலத்தில் முழுப் பெயரையும் எழுதுவது தப்பு; தமிழுக்கு மொழிக்குறி டி, ஏ என்ற இரண்டு எழுத்து மட்டும்தான். தப்பாக எழுதினால் திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவருக்கு உங்கள் தமிழை எந்தக் குரலில் வாசிப்பது என்று புரியாது.

எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது, ஆனால் டேக்கே வேலை செய்யவில்லை

பெரும்பாலும் இணையத்திலிருந்து காப்பி செய்த கோடில்தான் இது வரும். சாதாரண இடைவெளி மாதிரியே தெரியும், ஆனால் வரி உடையாத இடைவெளி என்ற வேறொரு எழுத்து அது. எச்டிஎம்எல்லைப் படிக்கும் பார்சர் ஸ்பேஸ், டேப், புதுவரி போன்ற ஒரு சிலவற்றைத்தான் இடைவெளியாகக் கொள்ளும், இது அந்தப் பட்டியலில் இல்லை. இமேஜ் டேக்கின் பெயருக்கும் படத்தின் முகவரியைச் சொல்லும் எஸ்ஆர்சிக்கும் நடுவில் இது இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே டேக் பெயராகிவிடும். அப்படி ஒரு டேக் உலகத்தில் இல்லை, படம் எங்கிருந்து வரும்? அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள், காப்பி செய்யாமல். விஎஸ் கோட் இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக் காட்டும்.

படம் வரவில்லை

இதற்கு நெட்வொர்க் டேப்தான் நேர் வழி. எஃப்12 அழுத்தி நெட்வொர்க்கைத் திறந்து பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். படத்துக்கான வரியே அங்கே இல்லை என்றால் பிரவுசர் படத்தைக் கேட்கவே இல்லை, அதாவது அட்ரிபியூட்டின் பெயர் தப்பு. எஸ்ஆர்சி என்பதை எஸ்சிஆர் என்று அடித்திருப்பீர்கள். விரல் அப்படித்தான் போகும், எச்ரெஃபில் ஆரும் ஈயும் இடம் மாறுவதும் இதே கதைதான். தெரியாத பெயரில் அட்ரிபியூட் வந்தால் பிரவுசர் அதை வைத்துக்கொள்ளும், ஒன்றும் செய்யாது.

வரி இருக்கிறது, ஆனால் சிவப்பில் 404 என்றால் பெயர் சரி, மதிப்பு தப்பு. கேட்டிருக்கும் முழு முகவரியை அங்கேயே படித்துப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும். ஃபைல் பெயரில் இடைவெளி இருந்து நீங்கள் மேற்கோள்குறி போடாமல் விட்டிருந்தால் இடைவெளிக்கு முந்தைய பகுதி மட்டும் போயிருக்கும். மேற்கோள்குறி இல்லாமல் எழுத எச்டிஎம்எல் அனுமதிக்கிறது, உண்மைதான், ஆனால் மதிப்பில் இடைவெளி, மேற்கோள்குறிகள், சமக்குறி, கோணக்குறிகள், பேக்டிக் (`) எதுவும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இத்தனையை ஞாபகம் வைப்பதற்கு எப்போதும் டபுள் கொட்டேஷன் போட்டுவிடுவது லாபம்.

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் படம் தெரிகிறது, கிட்ஹப் பேஜஸில் (பக்கத்தை இணையத்தில் ஏற்றிவைக்கும் சேவை) போட்டதும் காணோம் என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸுக்கு ஃபைல் பெயரில் இரண்டும் ஒன்றுதான், கிட்ஹப் பேஜஸுக்கு வேறு வேறு. கேமராவிலிருந்து வந்த ஃபைலின் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். கிட்ஹப் பேஜஸில் இன்னொரு பொறியும் உண்டு: எஸ்ஆர்சி ஸ்லாஷில் தொடங்கினால் அது டொமைனின் அடியிலிருந்து தேடும், உங்கள் ப்ராஜெக்ட்டோ டொமைனுக்குக் கீழே ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. முன்னால் இருக்கும் ஸ்லாஷை எடுத்துவிடுங்கள்.

எஸ்ஆர்சி சி டிரைவிலிருந்து தொடங்குகிறது என்றால் அது உங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டி யாருக்கும் வராது. விண்டோஸ் ஃபைல் எக்ஸ்டென்ஷனை மறைத்துவைப்பதால் போட்டோ.ஜேபிஜி.ஜேபிஜி என்று இரண்டு வால் இருக்கும் ஃபைல்களும் உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லிங்க் வெளி சைட்டுக்குப் போகாமல் என் சைட்டுக்குள்ளேயே சுற்றுகிறது

முகவரிப் பட்டையில் 127.0.0.1:5500 (உங்கள் கம்ப்யூட்டரிலேயே பக்கத்தைச் சோதிக்கும் முகவரி) என்பதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று வெளி முகவரி தெரிந்தால், எச்ரெஃபில் எச்டிடிபிஎஸ் என்ற முன்பகுதியை எழுதவில்லை. முகவரிப் பட்டையில் நாம் அடிக்கும்போது பிரவுசர் அதைச் சேர்த்துக்கொள்ளும், எச்ரெஃபில் சேர்க்காது. அங்கே எழுதியதைப் பக்கத்து ஃபைலின் பெயர் என்றே நினைத்துக்கொள்ளும். போன் எண்ணுக்கு டெல், மின்னஞ்சலுக்கு மெயில்டு என்ற முன்னொட்டுகளை விட்டாலும் இதே விளைவுதான்.

ஒரே பக்கத்துக்குள் கீழே குதிக்கும் லிங்க் வேலை செய்யவில்லை என்றால், எச்ரெஃபில் # இருக்க வேண்டும், ஐடியில் இருக்கக் கூடாது. இரண்டிலும் போடுகிறார்கள், அல்லது இரண்டிலும் விடுகிறார்கள்.

அப்புறம் ஒரு சுவாரசியமான பிழை. டார்கெட்டில் அடிக்கோடு இல்லாமல் பிளாங்க் என்று மட்டும் எழுதினால் முதல் லிங்க் புது டேபில் திறக்கும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும். அடுத்த லிங்க்கை அழுத்தினால் புதிதாக டேப் வராது, முன்னால் திறந்த டேபிலேயே போய் உட்காரும். ஏனென்றால் அடிக்கோடு இருந்தால்தான் "புது டேப்" என்ற சிறப்புப் பொருள். இல்லாவிட்டால் பிளாங்க் என்று பெயர் வைத்த ஒரு டேப், அவ்வளவுதான். ஒரே ஒரு லிங்க் மட்டும் வைத்து சோதிக்கிறவருக்கு இது சிக்கவே சிக்காது.

ஃபால்ஸ் என்று எழுதியும் பட்டன் டிஸேபிள் ஆகவே இருக்கிறது

டிஸேபிள்ட்="ஃபால்ஸ்" என்று எழுதினால் டிஸேபிள் ஆகும். சிரிக்காதீர்கள், விதி அப்படித்தான். டிஸேபிள்ட், செக்டு, ரிக்வயர்டு, செலக்டட், ரீட்ஒன்லி, மல்டிபிள், கன்ட்ரோல்ஸ் இவையெல்லாம் பூலியன் அட்ரிபியூட். அந்தப் பெயர் டேக்கில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி, மதிப்பை யாரும் படிப்பதில்லை. வேண்டாம் என்றால் அட்ரிபியூட்டையே எடுத்துவிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து செட்அட்ரிபியூட் வைத்து ஃபால்ஸ் கொடுக்கிறவர்களும் இங்கேதான் வந்து விழுவார்கள், அதற்கு ரிமூவ்அட்ரிபியூட், அல்லது நேரடியாக அந்த ப்ராப்பர்ட்டியில் ஃபால்ஸ்.

இதைப் படித்துவிட்டு எல்லாமே இப்படித்தான் என்று நினைத்தால் அடுத்த குழி. டிராகபிள் பூலியன் இல்லை. அதற்கு ட்ரூ என்று எழுதியே ஆக வேண்டும், வெறும் பெயரை மட்டும் விட்டால் ஒன்றும் நடக்காது. ஸ்கிரீன் ரீடருக்காக எழுதும், அரியா என்று தொடங்குபவற்றில் ஆமா இல்லையா என்று கேட்பவையும் அப்படியே, அங்கே ட்ரூவோ ஃபால்ஸோ எழுத்தில் இருக்க வேண்டும். எது எந்த வகை என்று மனப்பாடம் செய்வதில் அர்த்தமில்லை, எம்டிஎன் என்ற வலைத் தொழில்நுட்பக் குறிப்புத் தளத்தில் அட்ரிபியூட் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.

வீடியோவுக்கு ஆட்டோப்ளே போட்டும் ஓடவில்லை என்றால் அது சின்டாக்ஸ் பிழையே இல்லை. 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66-லிருந்து சத்தத்தோடு தானாக ஓடுவதைப் பொதுவாகத் தடுத்துவிடுகிறார்கள். மியூட்டட் என்பதையும் சேர்த்துப் போட்டால் ஓடும்.

சிஎஸ்எஸ் ஒட்டவில்லை

சிஎஸ்எஸ் ஃபைலைத் தொடுவதற்கு முன் எலிமென்ட்ஸில் அந்த டேக்கின் கிளாஸ் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். ஒரே டேக்கில் கிளாஸை இரண்டு தடவை எழுதியிருந்தால் முதலாவது மட்டும் நிற்கும், இரண்டாவதைப் பிரவுசர் வீசிவிடும். சிஎஸ்எஸ்ஸில் கடைசியில் எழுதியது ஜெயிக்கும் என்று படித்த கையோடு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள், இங்கே நேர் எதிர். இரண்டு கிளாஸ் வேண்டுமென்றால் ஒரே மேற்கோளுக்குள் இடைவெளி விட்டு எழுத வேண்டும், காற்புள்ளி போட்டால் அந்தக் காற்புள்ளியும் கிளாஸ் பெயரில் ஒட்டிக்கொள்ளும். கிளாஸ் மதிப்பில் முன்னால் புள்ளி வைப்பதும் ஐடி மதிப்பில் # வைப்பதும் சிஎஸ்எஸ் ஃபைலின் பழக்கம் இந்தப் பக்கம் வந்துவிடுவது. கிளாஸ் என்ற பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் பிரவுசருக்குக் கவலையில்லை, ஆனால் உள்ளே இருக்கும் மதிப்பில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

எலிமென்ட்ஸில் கிளாஸ்நேம் என்று ஒரு அட்ரிபியூட் தெரிந்தால், ரியாக்ட் (ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) கோடை எங்கிருந்தோ எடுத்து எச்டிஎம்எல்லில் ஒட்டியிருக்கிறீர்கள். ரியாக்டில் அது சரி, இங்கே அது அர்த்தமில்லாத ஒரு பெயர். ஏஐ-யிடம் கோட் வாங்கும் காலத்தில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது, எச்டிஎம்எல்ஃபார் என்பதும் அதே வகை.

ஸ்டைல் அட்ரிபியூட்டுக்குள் நிறம்=சிவப்பு என்ற பாணியில் சமக்குறி போட்டால் ஒட்டாது. அந்த மேற்கோளுக்குள்ளே போனதும் சிஎஸ்எஸ் விதிதான், கோலனும் செமிகோலனும்.

படிவம் சொன்னபடி கேட்கவில்லை

லேபிளை அழுத்தினால் கர்சர் பெட்டிக்குள் போகவில்லை: லேபிளின் ஃபாரும் இன்புட்டின் ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லை. ஃபார் தேடுவது ஐடியை, நேமை இல்லை. ரேடியோ பட்டன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் செலக்ட் ஆகின்றன: நேம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இல்லை. எந்த ரேடியோவைத் தேர்ந்தாலும் சர்வருக்கு ஆன் என்றே போகிறது: வேல்யூ எழுதவில்லை. பெட்டியில் அடித்தது சர்வருக்கே போகவில்லை: நேம் இல்லை, ஐடி மட்டும் இருந்தால் ஃபார்ம் அதை எடுத்துப் போகாது.

எழுதிய கோட் அப்படியே பக்கத்தில் எழுத்தாகத் தெரிகிறது

டேக்கின் கோணக்குறியைச் சீக்கிரம் மூடிவிட்டீர்கள். ஏ டேக்கை மூடிவிட்டு அதற்கு வெளியே எச்ரெஃபை எழுதினால் பிரவுசருக்கு அது வெறும் வாசகம். மூடும் டேக்கில் அட்ரிபியூட் எழுதினால் திரையில்கூட வராது, சத்தமில்லாமல் போய்விடும்.

பக்கம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் பயிற்சித் தளம் தப்பு என்கிறது

ஆன்லைனில் படிக்கிறவர்களை அதிகம் கடுப்பேற்றுவது இதுதான். இதுவரை சொன்னதெல்லாம் பிரவுசர் பேசாமல் இருப்பதால் வரும் தொல்லை, இது அதற்கு மறுபக்கம். ஃப்ரீகோட்கேம்ப் போன்ற தளங்களில் பின்னால் ஓடும் டெஸ்ட்டுகள் "ஏ டேக்கின் எச்ரெஃப் மதிப்பு இதுவாக இருக்கிறதா" என்று ஒப்பிட்டுப் பார்க்கும், ஒப்பீட்டில் தாராள மனசு கிடையாது. பூனைப் படங்கள் வைத்துப் பக்கம் கட்டும் அதன் பழைய பயிற்சியில் எச்ரெஃப், எஸ்ஆர்சி, ஆல்ட், டார்கெட் என்று வரிசையாக வரும். படம் திரையில் அழகாகத் தெரியும், டெஸ்ட் மட்டும் தேறாது, ஏனென்றால் ஆல்ட் (படத்தைச் சொல்லால் விவரிக்கும் அட்ரிபியூட்) எழுதவில்லை, அல்லது ஆல்ட் எழுதும் இடத்தில் வளைந்த மேற்கோள்குறி.

தளம் காட்டும் செய்தியை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் எந்த டேக், எந்த அட்ரிபியூட் என்று அதிலேயே சொல்லியிருக்கும். பிறகு மேற்கோளுக்குள்ளே பாருங்கள்: தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு இடைவெளி ஒட்டியிருக்கலாம், முகவரியை காப்பி செய்யும்போது வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் கூட வந்திருக்கலாம், கடைசி ஸ்லாஷ் கூடவோ குறையவோ இருக்கலாம், கேட்ட சொல்லில் சின்ன எழுத்து இருக்க நீங்கள் பெரிய எழுத்து போட்டிருக்கலாம். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடுவது எச்டிஎம்எல்லில் சட்டப்படி சரி, பிரவுசரும் ஏற்கும், ஆனால் எழுதிய கோடை வெறும் எழுத்தாக வைத்து ஒப்பிடும் டெஸ்ட் ஏற்காமல் போகலாம். மேற்கோளை மூடிய கையோடு இடைவெளி இல்லாமல் அடுத்த அட்ரிபியூட்டை ஒட்டி எழுதுவது அதற்கு எதிர் வகை, அது விதிப்படியே பிழை, பிரவுசர்தான் பெரிய மனதோடு விட்டுவிடுகிறது. இரண்டையும் தவிருங்கள்.

பழைய முயற்சியை அழிக்காமல் கீழே புதிதாக எழுதியிருந்தால், டெஸ்ட் முதலில் கண்ணில் பட்ட ஏ டேக்கைத்தான் எடுத்துப் பார்த்திருக்கும், நீங்கள் திருத்திக்கொண்டிருப்பது இரண்டாவதை. இதுவும் இல்லை என்றால் அந்த ஒரு டேக்கை மட்டும் முழுக்க அழித்துவிட்டு, எதையும் காப்பி செய்யாமல் கையால் அடியுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் தெரிந்த யாரிடமாவது காட்டலாம், ஆனால் ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள். வளைந்த குறிக்கும் நேரான குறிக்கும் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், மறைந்திருக்கும் இடைவெளி தெரியவே தெரியாது. கோடை டெக்ஸ்ட் ஃபைலாகவே அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மெசேஜாக ஒட்டாமல் ஃபைலாக, வழியில் எந்தக் குறியும் உருமாறாமல் போய்ச் சேரும்.